பழைய திறந்த கார்: ஓட்டிக்கொண்டே சீர்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

கூரையை மடித்துப் போடக்கூடிய பழைய கார் ஒன்றை ஆசையாக வாங்குபவர்களில் பலர் முதல் வேலையாக அதைப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். சீட்டைக் கழற்றி, பானெட்டை எடுத்து, இன்ஜினை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதுசாக்கிவிடலாம் என்று தொடங்குகிறார்கள். ஆறு மாதம் என்று நினைத்த வேலை ஆறு வருடம் இழுக்கிறது. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பதே மறந்துபோகிறது. கடைசியில் கார், அட்டைப் பெட்டிகளாக வேறொருவர் கைக்கு மாறுகிறது. அப்படிப் பெட்டிகளாக வந்த கார் ஒன்றை நான் கூட்டிச் சேர்த்திருக்கிறேன். அதில் பாதி நேரம் தேடுவதிலேயே போனது.

அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நான் வலியுறுத்தப்போவது ஒன்றைத்தான்: காரை ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் எடுத்து முடியுங்கள். நிறுத்துகிற பாகங்கள் முதலில், வண்டியை ஓடவைக்கிற பாகங்கள் அடுத்து, உடலின் துரு வேலை அதற்கு அப்புறம், பளபளப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தால் திங்கட்கிழமை கார் ஓட வேண்டும்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் எம்.ஜி.பி. காரிலிருந்து தருகிறேன். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை, மூடிய ஜி.டி. வகையையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது. 1798 சி.சி. இன்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். எதையும் மூடி மறைக்காத எளிய அமைப்பு. அதில் கை பழகியவருக்கு அந்தக் காலத்து மற்ற கார்கள் அந்நியமாகத் தெரியாது.

படி 1: எந்தக் கார்?

மனசுக்குப் பிடித்த வடிவம் முக்கியம்தான். ஆனால் பாகங்கள் கிடைக்குமா என்ற கேள்வியை அதற்கு முன்னால் கேளுங்கள். எம்.ஜி.பி.க்கு முழு உடற்கூடே 1988 முதல் புதிதாகச் செய்து விற்கப்பட்டது. ஏறக்குறைய எல்லாப் பாகமும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அரிதான கார் வாங்கினால், உடைந்த ஒரு விளக்குக் கண்ணாடிக்காக மாதக்கணக்கில் தேட நேரும்.

இரண்டாவது, கட்டமைப்பு. எம்.ஜி.பி.க்குத் தனிச் சேசி கிடையாது. உடம்பே பாரத்தைத் தாங்குகிறது. டிரையம்ஃப் டி.ஆர்.6 போன்றவற்றில் கீழே தனி இரும்புச் சட்டம் உண்டு. தனிச் சேசி இருந்தால் உடம்பில் துரு ஏறினாலும் பரவாயில்லை என்று நம்பிவிடக் கூடாது. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் சேசி நடுவில் மட்டும் ஓடுகிறது, ஓரத்துப் பாரத்தைக் கதவுக்குக் கீழுள்ள பெட்டிதான் சுமக்கிறது. லோட்டஸ் எலானின் உடம்பு ஃபைபர் கிளாஸ், துருவே பிடிக்காது. ஆனால் உள்ளே இருக்கும் இரும்பு முதுகெலும்பு பிடிக்கும்.

முதல் கார் என்றால், நன்றாக ஓடுகிற, சற்று அழுக்கான, பெயின்ட் மங்கிய காரை எடுங்கள். புத்தம்புதுப் பெயின்ட் அடித்து விற்பனைக்கு வரும் கார் எனக்குக் கவலையைத்தான் தருகிறது. அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பெயின்ட் சொல்லாது.

படி 2: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

இந்தக் கட்டத்துக்கு ஒரு முழு மதியத்தை ஒதுக்குங்கள். இன்ஜின் பழுதைச் சரிசெய்வது எளிது. உடம்பில் ஏறிய துருவைச் சரிசெய்வதற்குத்தான் காலமும் பணமும் கரையும்.

சாதாரண காருக்குக் கூரை ஒரு வளைவுப் பாலம் மாதிரி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து நிற்கிறது. திறந்த காரில் அந்தப் பாலமே இல்லை. அந்த வேலையைக் கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி செய்கிறது. அதை சில் என்பார்கள். எம்.ஜி.பி.யில் வெளித் தகடு, உள் தகடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தகடு என்று அது அடுக்காக இருக்கும். வெளித் தகடு புதிதாக மின்னும், உள்ளே இருப்பது கையோடு பொடிந்து வரும்.

பார்க்கும் முறை இதுதான். காரைச் சமதரையில் நிறுத்தி, கதவின் பின்விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், உரிமையாளரின் அனுமதியோடு, ஒரு பக்கத்தை ஜாக்கியால் உயர்த்திவிட்டு அந்தப் பக்கத்துக் கதவை மெல்லத் திறந்து மூடுங்கள். முன்பு சுலபமாக மூடிய கதவு இப்போது பூட்டில் இடித்தால், சில் பலமிழந்துவிட்டது. இந்த ஒரு சோதனை சொல்வதை வேறு எதுவும் சொல்லாது.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில் மேலும் சக்கர வளைவின் ஓரங்களிலும் நகர்த்திக்கொண்டே போங்கள். இரும்பு இருக்கும் இடத்தில் கை இழுபடும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் சட்டென்று தளர்ந்து வழுக்கும். அந்த வித்தியாசத்தை விரல் நுனி உடனே கண்டுபிடித்துவிடும். தளர்ந்த இடத்தை விரல் கணுவால் தட்டினால் தகர ஓசைக்குப் பதில் மந்தமான சத்தம் வரும். நான் முதன்முதலாக வாங்கிய கார், சில் முழுக்கப் பட்டியும் ஃபைபரும் வைத்து நிரப்பப்பட்டது. விற்றவர் அதைச் சொல்லவில்லை. காந்தம் கையில் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈர வாடை வருகிறதா, அடியில் தகடு செதில் செதிலாக உரிகிறதா என்று பாருங்கள். 1974 வரையிலான எம்.ஜி.பி.களில் சீட்டுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அமிலம் சிந்தி அந்தத் தொட்டிகள் அரித்திருப்பது சகஜம். பின் ஸ்பிரிங் உடம்போடு சேரும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்ஜினை நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் கிளப்பினால்தான் குறை தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் இன்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கட் என்ற அடைப்பைச் சந்தேகியுங்கள். சூடானபின் ஓட்டும்போது எம்.ஜி.பி.யின் ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கார் நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் அது 15 அளவுக்கு இறங்கினாலும் பயமில்லை. கம்பிச் சக்கரம் இருந்தால், ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, தூக்கி நிறுத்திய சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். டக் டக்கென்று ஆடினால் சக்கரத்தின் நடுவில், அதை அச்சோடு பிடிக்கும் பற்கள் தேய்ந்துவிட்டன. ஒவ்வொரு கம்பியையும் சிறிய ஸ்பேனரால் தட்டுங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது ஒலிக்காது.

சேசி எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 3: ஓட்டும் முன் செய்தே ஆக வேண்டியவை

கார் வீட்டுக்கு வந்துவிட்டது. உடனே கூரையை மடித்து ஒரு சுற்றுப் போய்வரக் கை துறுதுறுக்கும். ஒரு வாரம் பொறுங்கள்.

பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும், உள்ளே சிலிண்டர்களும் துருப்பிடிக்கும். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் முழுவதும் மாற்றுங்கள். அதற்கு அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. வழக்கமான டாட் 4 வகை பிரேக் ஆயில் பெயின்ட்டைக் கரைத்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. இரண்டையும் ஒருபோதும் கலக்க வேண்டாம்.

ஆயில் மாற்றியபின் பிரேக் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றும்போது ஒரு நுணுக்கம்: பெடலைத் தரை வரைக்கும் ஓங்கி மிதிக்காதீர்கள். பெடல் பல வருடமாகப் பாதி தூரம் மட்டுமே போய்வந்திருந்தால், ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பகுதியில் துருவும் கசடும் இருக்கும். ரப்பர் சீல் அங்கே போய் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு மிதித்தால் அந்த ஆபத்து இல்லை.

பிரேக் ரப்பர் குழாய்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் சக்கரம் பிடித்தபடியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வயது தெரியாத குழாய் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய டிரம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழலால் அடிக்கவோ கூடாது; அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. முகமூடி போட்டு, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

டயரில் பட்டை ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பத்து வருடம் தாண்டிய டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும். மழையில் அது பிடிக்காது. இலக்கம் மூன்றுதான் இருக்கிறது என்றால், அந்த டயர் 2000க்கு முன் செய்தது.

அடுத்து பெட்ரோல் குழாய். இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரை இளக்கிவிடும். தாங்கக்கூடிய எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 முத்திரையுள்ள குழாயாக மாற்றுங்கள். கையோடு, எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பானையும், பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்சையும் பொருத்திவிடுங்கள்.

ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளில் கிரீஸ் ஏற்றுவதற்கென்று உள்ள நிப்பிள்களில் கிரீஸ் கன்னை வைத்து, பழைய கிரீஸ் வெளியே வழியும்வரை அடியுங்கள். ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: அதன் முன்சக்கரத்தின் கீழ் மூட்டுக்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போட வேண்டும். தெரியாமல் கிரீஸ் அடித்து, உள்ளே காய்ந்து, மூட்டு முறிந்து சக்கரம் மடங்கிய கார்கள் உண்டு.

ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, காரை ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

படி 4: சூடு

பழைய காரில் வெயில் நாளில் நெரிசலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே படிந்த சேறுதான். ரேடியேட்டரையும் இன்ஜின் பிளாக்கையும் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். பிளாக்கின் பக்கத்தில் வடிகால் குழாய் இருந்தால் அதைத் திறந்து, கம்பியால் குத்தி அடைப்பை எடுங்கள். கூலன்ட் உறைவதைத் தடுக்க மட்டுமல்ல, துருவைத் தடுக்கவும்தான். வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சூடு ஏறுகிறது என்றவுடன், கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பல மெக்கானிக்குகளிடம் இருக்கிறது. நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேலை செய்ய வேண்டிய சூட்டுக்கே வராமல் ஓடும். ஆயில் கெட்டியாகவே இருக்கும், பெட்ரோல் அதில் கலக்கும், சிலிண்டர் தேயும். எம்.ஜி.பி.க்கு வழக்கமாக 82 டிகிரி, வெப்பப் பகுதிகளுக்கு 74 டிகிரி என்று தெர்மோஸ்டாட் வகைகள் தரப்பட்டன. உங்கள் பருவநிலைக்கு ஏற்றதைப் போட்டுவிட்டு, கோளாறை வேறு இடத்தில் தேடுங்கள். இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், தாமதமாக இருந்தாலும் இன்ஜின் சூடேறும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 5: இன்ஜின் சீராக ஓட

இதில் வரிசைதான் எல்லாம். வால்வைத் திறக்கும் டேப்பட், ஸ்பார்க்குக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயின்ட், டைமிங், கடைசியாகக் கார்புரேட்டர். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைத் திருத்த இன்னொன்று கெடும், மாலை வரை ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். கார்புரேட்டர் கோளாறு என்று வருபவற்றில் பெரும்பாலானவை இக்னிஷன் கோளாறாகவே முடிகின்றன.

எம்.ஜி.பி.யில் குளிர்ந்த இன்ஜினில் டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம். பாயின்ட் இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவு, 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். தடிமன் குறித்த மெல்லிய தகடான ஃபீலர் கேஜை உள்ளே விட்டு இழுக்கும்போது, ஒரு புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவிலிருந்து தாளை உருவுவது மாதிரி லேசான பிடிப்பு இருந்தால் சரி. பாயின்ட்டின் முகம் கருகிப் புள்ளி விழுந்திருந்தால், அதைத் தீப்பொறியிலிருந்து காக்கும் கன்டென்ஸர் போய்விட்டது. புதிதாகச் செய்து விற்கப்படும் கன்டென்ஸர்களிலும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் ரோட்டார்களிலும் தரமில்லாதவை நிறைய வருகின்றன. நன்றாக வேலை செய்த பழையதைத் தூக்கி எறியாமல் டூல் பாக்ஸில் வைத்திருங்கள். நடுவழியில் அதுதான் கைகொடுக்கும். பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் பொருத்திக்கொள்வதிலும் தப்பில்லை.

இப்போது எஸ்.யு. கார்புரேட்டர். இதைத் தொட நிறையப் பேர் பயப்படுகிறார்கள். உண்மையில் இவ்வளவு அறிவான, எளிய கருவி வேறில்லை. மேலே ஒரு மணி போன்ற கூடு. அதற்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் அடியில் ஒரு கூம்பு ஊசி. இன்ஜின் காற்றை இழுக்க இழுக்கப் பிஸ்டன் தானாக உயரும். ஊசியும் கூடவே உயர்ந்து, தேவையான பெட்ரோலுக்கு வழிவிடும். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். மெதுவாகத்தான் மேலே போகும், ஏனென்றால் உள்ளே ஆயில் இருக்கிறது. விட்டதும் கீழே இறங்கி, டொக் என்ற சுத்தமான சத்தத்தோடு உட்கார வேண்டும். அந்த டொக் வராவிட்டால் பிஸ்டன் உரசுகிறது அல்லது ஊசி, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டில் இடிக்கிறது. கூட்டைக் கழற்றித் துடைத்துவிட்டு, அதே நிலையில் திரும்பப் பொருத்துங்கள். ஒரு கார்புரேட்டரின் கூட்டையும் பிஸ்டனையும் இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டுவிடக் கூடாது, இரண்டும் ஜோடியாக இழைத்துச் செய்யப்பட்டவை.

இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க ஒரு ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயருகிலும் பிடித்துக் கேளுங்கள். இரண்டிலும் அந்த ஸ்ஸ் சத்தம் ஒரே கனத்தில் வரும்வரை ஐடிலிங் ஸ்குரூக்களைத் திருகுங்கள். அப்புறம் கலவை. சூடான இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கீழே உள்ள ஊக்கால் ஒரு பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர், அதாவது மிக மிகக் கொஞ்சம், தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் திணறினால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் அதுதான் சரி. இதைச் செய்யும்போது பானெட்டுக்கு அடியில் உங்களுக்கும் அந்த இன்ஜினுக்கும் நடுவில் ஒரு பேச்சுவார்த்தை நடப்பதை உணர்வீர்கள். எனக்கு இந்தக் காரில் மிகப் பிடித்த அரைமணி நேரம் அது.

எம்.ஜி.பி.யில் சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து டக டக டக என்று ஒரு சத்தம் வரும். அது எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப். கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் தட்டினால் டேங்க் காலி, இல்லாவிட்டால் எங்கோ கசிவு. ஃபியட் 124 ஸ்பைடர் வாங்கியவர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அதன் இரட்டைக் கேம் இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இப்போதே மாற்றுங்கள், அறுந்தால் வால்வு வளையக்கூடும்.

இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-50 என்ற கெட்டியான வகை. இன்றைய கார்களுக்கான மிக மெல்லிய ஆயிலை ஊற்ற வேண்டாம்.

படி 6: மின்சாரம்

பழைய காரின் மின்கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த், அதாவது மின்சாரம் கார் உடம்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பின் கோளாறு. விளக்கு மங்கல், இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டுவது, ஹாரன் கரகரப்பது என்றால் வயரை மாற்றும் முன் எர்த் இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, மறுபடி இறுக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால், விளக்கு எரியும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் விளக்கின் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு உட்கார்ந்திருக்கிறது.

1967க்கு முந்தைய எம்.ஜி.பி.களிலும் அந்தக் காலத்துப் பல பிரிட்டிஷ் கார்களிலும் பாசிட்டிவ் முனைதான் எர்த். பழக்க தோஷத்தில் பேட்டரியை மாற்றி இணைத்தால், பின்னாளில் பொருத்திய எலெக்ட்ரானிக் பொருள் எதுவானாலும் அந்த நொடியே போய்விடும்.

படி 7: துருவும் வெல்டிங்கும்

பிரேக்கும் இன்ஜினும் சரியாகிவிட்டன, கார் ஓடுகிறது. இனி உடம்பு வேலை. சில் முழுவதும் பொத்தலாகிவிட்ட கார் என்றால் மட்டும் இந்த வேலையை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அதுவரை சாலைக்கு எடுக்காதீர்கள்.

திறந்த காரின் சில்லை வெட்டும்போது, காரை ஒன்றாகப் பிடித்திருக்கும் பகுதியையே வெட்டுகிறீர்கள். சாதாரணமாகத் தூக்கி நிறுத்திவிட்டு வெட்டினால் உடம்பு வளைந்துவிடும். வளைந்த நிலையிலேயே வெல்டிங் செய்தால் அந்தக் கதவு இனி எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது. காரைச் சமமாக, சக்கரங்கள் தாங்கும் இடங்களுக்குப் பக்கத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். கதவு இடைவெளிகளை அளந்து எழுதிவையுங்கள். கீல் இருக்கும் தூணிலிருந்து பூட்டு இருக்கும் தூண் வரை ஒரு இரும்புக் குழாயைக் குறுக்காகப் பற்றவைத்து அசையாமல் பிடித்துவிடுங்கள். அதற்கு அப்புறம்தான் வெட்ட வேண்டும், அதுவும் ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். முழு வெல்டிங் போடும் முன் புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டு, முட்டுக்குழாயை எடுத்து, கதவை மாட்டி மூடிப் பாருங்கள்.

பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டுப்போடுவதை ஏற்காதீர்கள். உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். வெல்டிங் நடக்கும்போது பேட்டரி இணைப்பு கழன்றிருக்க வேண்டும், பெட்ரோல் டேங்க் பக்கம் வேலை என்றால் டேங்க் காரில் இருக்கவே கூடாது. வெல்டிங் பழகாதவர் இந்த ஒரு வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்து வையுங்கள்.

முடிந்ததும் சில் பெட்டியின் உள்ளே துருவைத் தடுக்கும் மெழுகு அடிக்க வேண்டும். நீளக் குழாய் முனையை உள்ளே விட்டு, கீழே உள்ள வடிகால் துளைகளிலிருந்து மெழுகு சொட்டும்வரை அடியுங்கள், பிறகு அந்தத் துளைகளைக் கம்பியால் திறந்துவிடுங்கள். துளை அடைத்த சில், தண்ணீர்த் தொட்டிதான். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு இந்தத் துளைகளைப் பார்த்துவிடுங்கள்.

படி 8: ஹூட்

ஹூட் எனப்படும் துணிக் கூரையை ஈரமாக மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்துத் தையல் இற்றுவிடும். நனைந்து வந்தால் விரித்தபடியே காயவிடுங்கள். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னலைக் குளிரான நேரத்தில் மடிக்காதீர்கள், வெடித்துவிடும். மடிக்கும்போது ஜன்னலுக்கு நடுவில் ஒரு மென்மையான பருத்தித் துணியை வைத்து மடியுங்கள். உலர்ந்த துணியால் அதைத் துடைக்கவும் கூடாது. தண்ணீர் ஊற்றித் தூசியை ஓடவிட்டு, பிறகு ஒற்றியெடுங்கள்.

புது ஹூட் மாட்டுவதென்றால் முதலில் அதை வெயிலில் இரண்டு மூன்று மணிநேரம் விரித்துப் போடுங்கள். வினைல் இளகிச் சுருக்கம் போகும். நடுவிலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்துப் பொருத்துங்கள். முதல் நாளில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், பின்னர் தளரும்.

உள்ளே ஒழுகினால் ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, இன்னொருவர் வெளியே குழாய்த் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, பகுதி பகுதியாக விட வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எங்கே நுழைகிறது என்பதே தெரியாது. பெரும்பாலும் கண்ணாடிச் சட்டத்தின் மேல் மூலையில், ரப்பர் சுருங்கிய இடத்தில்தான் நுழையும்.

படி 9: கூரையை மடித்து ஓட்டுவது

கிளப்பியதும் நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமவிட வேண்டாம். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும் சோக்கை மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே, சூடு ஏறும்வரை நிதானமாக ஓட்டுங்கள். முன்னால் போகும் இன்றைய கார் நிற்கும் தூரத்தில் உங்கள் கார் நிற்காது. இடைவெளி விட்டு ஓட்டுங்கள். சீட் பெல்ட் இல்லாத காரில், பொருத்தக்கூடிய இடம் இருந்தால் பொருத்திவிடுங்கள்.

கூரை திறந்த காரில் முகத்தில் அடிப்பதைவிடப் பின்கழுத்தில் அடிக்கும் காற்றுதான் களைப்பைத் தரும். கண்ணாடிக்கு மேலே போகும் காற்று சுழன்று, சீட்டுக்குப் பின்னாலிருந்து உள்ளே வருகிறது. பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் பாதி குறையும். தனியாகப் போகும்போது, சீட்டுகளை மூடும் விரிப்பைப் பக்கத்துச் சீட்டின் மேல் மாட்டி, நடு ஜிப்பை இழுத்துவிட்டால் கால்பக்கம் கதகதப்பாக இருக்கும். நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர், வெயிலுக்கு முழுக்கைச் சட்டை எல்லாம் வேண்டும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது தெரியாது.

நண்பகலில் போவதைவிட விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் போங்கள். மூடிய காரில் வராத வாசனைகள் வரும். அப்போதுதான் வெட்டிய புல், ஈரமண், யாரோ மூட்டிய அடுப்புப் புகை. மரங்கள் கவிந்த சாலையில் வேகத்தைக் குறைத்து ஓட்டினால் இலைகளின் நிழல் மடிமேல் ஓடிக்கொண்டே வரும். இன்ஜின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் இடங்களை நீங்களாகவே தேடிப் போகத் தொடங்குவீர்கள்.

படி 10: நிறுத்தி வைப்பது

பழைய கார் ஓடி வீணாவதைவிட நின்று வீணாவதே அதிகம். வாரம் ஒரு முறையாவது, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும்படி அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் கிளப்பி அணைப்பது நன்மை செய்யாது. சைலன்ஸருக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே அரிக்கும். மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் டேங்க்கை நிரப்பி, பேட்டரியைத் துண்டித்து, கை பிரேக்கை விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கை பிரேக் போட்டே நின்றால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். மேலே போர்த்துவது காற்றுப் புகும் துணியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் காரிலேயே இருக்கட்டும். தேதி, ஓடிய தூரம், செய்த வேலை, ஊற்றிய ஆயில் அளவு என்று எழுதுங்கள். ஆயில் குடிக்கும் அளவு மெல்ல ஏறுவது நினைவுக்குத் தெரியாது, நோட்டில் தெரியும்.

ஒவ்வொரு முறை வீடு திரும்பியதும் நான் செய்யும் ஒன்றைச் சொல்கிறேன். இன்ஜினை அணைத்துவிட்டு, காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோவேன். முன் இரண்டும் ஒரே சூடு, பின் இரண்டும் ஒரே சூடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே பிரேக் பிடித்திருக்கிறது, அல்லது பேரிங் கெட்டிருக்கிறது. பிறகு குனிந்து தரையைப் பார்ப்பேன், புதுச் சொட்டு ஏதும் உண்டா என்று. அதற்குள் பானெட்டுக்கு அடியில் டிக் டிக்கென்று உலோகம் ஆறும் சத்தம் குறைந்திருக்கும். நோட்டை எடுத்து இரண்டு வரி எழுதிவிட்டு, ஹூட்டை இழுத்து மூடுவேன்.